அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லாதே

பான்
16 ஒக்டோபர் 2024

அன்பு மச்சாள் சுபானிக்கு,

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே, யாரும் சாகவில்லை. இந்த வீட்டில் மாலைச் சாப்பாட்டுக்கு முன் எல்லோருடைய போனும் ஒரு கூடைக்குள் போய்விடும். மற்ற நேரங்களில் பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்ப்பாள். தமிழில் வந்த செய்தியை ஜெர்மனுக்கு மாற்றிப் பார்க்க இப்போது ஒரு கண்சிமிட்டல் போதும். என் தமிழ்க் கையெழுத்தை மட்டும் எந்தக் கருவியாலும் வாசிக்க ஏலாது. தமிழ்ப்பள்ளிச் சாருலதா ரீச்சரே அதைப் பார்த்து அழுதவ.

மருந்தியல் படிக்க உனக்கு இங்கே இடம் கிடைத்ததென்று உன் அம்மா சொன்னா. கெட்டிக்காரி. ஏப்ரலில் வரப்போகிறாய், ஆனால் எங்கே படுக்கப்போகிறாய்? பானில் ஓர் அறைக்கு ஊரே வரிசையில் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருக்கும் இந்த வீடு ஒரு பெண் மாணவிகள் சங்கத்தின் வீடு. டாமன்ஃபெர்பின்டுங் என்பார்கள். மார்புக்குக் குறுக்கே நிறப் பட்டி போட்டுக்கொண்டு, எழுந்து நின்று பழைய பாட்டுப் பாடி, பியர் குடிப்பார்கள். சிரிக்க முதல் இதைக் கேள். வாடகை வெளியில் கொடுப்பதில் பாதி. இங்கே இருந்து படித்துப்போன பழைய அங்கத்தவர்களில் நீதிபதி இருக்கிறா, டொக்டர்மார் இருக்கிறார்கள், சொந்தமாக மருந்துக்கடை வைத்திருப்பவவும் இருக்கிறா. ஒருமுறை உள்ளே எடுத்தால் சாகும்வரை கைவிட மாட்டார்கள். நானும் இன்னும் புதியவள்தான். டிசம்பர் ஆண்டு விழாவில்தான் முழு அங்கத்தவளாகிப் பட்டி வாங்குவேன்.

சேர விரும்புகிறவர்கள் இரண்டு விருந்தினர் மாலைகளுக்கு வரவேண்டும். பிறகு கூடியிருந்து வாக்குப் போடுவார்கள். ஒருத்தி கையை உயர்த்தாவிட்டாலும் சரிவராது. விருந்தினர் மாலையில் உறவுக்காரி உடன் இருக்கக்கூடாது என்பது விதி, ஆகவே அன்று நான் இருக்க மாட்டேன். நான் சொல்வதை மட்டும் நல்லபிள்ளையாகக் கேள்.

கருநீலச் சட்டை போடு. காப்பைக் கழற்று. கேக் வேண்டுமா என்று கேட்டால் உடனே ஓம் என்று சொல். எங்கள் வீடுகளில்போல மூன்று தரம் வேண்டாமென்று சொல்லிவிட்டு நாலாம் தரம் கையை நீட்டலாம் என்று இருந்தால் பசியோடுதான் எசனுக்குத் திரும்புவாய். இங்கே யாரும் இரண்டாம் தரம் கேட்பதில்லை. தலைவி ஃப்ரீடரிக்கவின் கண்ணைப் பார்த்துக் கதை. நிலத்தைப் பார்ப்பது மரியாதை என்று அவளுக்கு விளங்காது, எதையோ மறைக்கிறாய் என்று நினைப்பாள். கோப்பை கழுவ ஓடாதே.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். வீட்டைப் பற்றிக் கேட்டால் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடு. என் அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. ஏனென்று நேரில் சொல்கிறேன்.

உன் மச்சாள்
வேணுஜா


எசன்
27 ஒக்டோபர் 2024

வேணு மச்சாளுக்கு,

மருந்துக்கடையில் எனக்கு வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். என் அம்மா சுகமா, உன் அப்பா சுகமா என்று நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், எல்லோரும் சுகம்.

உன் கட்டளைப்படியே போனேன். நீலச் சட்டை. காப்பு இல்லை, அம்மா அதற்கு ஒரு பாட்டம் ஏசினா. கேக்குக்கு ஓம் சொன்னேன், இன்னொன்றா என்றதற்கும் ஓம் சொன்னேன், அதன்பிறகு இருந்த எலுமிச்சைக் கேக்குக்கும் ஓம் சொன்னேன். என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது, பசி கிடந்தவள் என்று நிச்சயமாக நினைத்திருப்பார்கள். வீடு நல்ல வடிவு. பெண்களும் நல்லவர்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஏன் மருந்தியல் என்று கேட்டதற்குப் பதில் சொல்லும்போது எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஃப்ரீடரிக்க என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், என் கையிரண்டையும் பிடித்துக்கொண்டு, வீட்டில் நீ பாதுகாப்பாக இருக்கிறாயா என்று மெல்லக் கேட்டாள். ஓம், அம்மா படுக்க முதல் கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுவா என்று சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்ததாக, வேணுஜா எங்கே இருக்கிறாள் என்று அவளுடைய அப்பா கண்டுபிடித்துவிட்டாரா என்று கேட்டாள்.

சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போகச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவா, அவர்தான் எங்கள் இரண்டு பேரையும் கிழமைக்குக் கிழமை நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோய், தலை ஈரம் காயும்வரை காருக்குள் சூடுபோட்டு வைத்திருந்தவர் என்று சொன்னேன். அவள் என் தோளைத் தடவி, நீ உன் குடும்பத்துக்கு மிகவும் விசுவாசமானவள் என்றாள்.

உன் அம்மா, என் மாமி, செத்தபோது உனக்கு ஒன்பது வயது. முதியோர் இல்லச் சமையலறையில் காலை முழுக்கக் கிண்டிவிட்டு வந்து, எங்கள் அம்மாவிடம் தலைபின்னக் கேட்டுப் பழகிய மனிதர் அவர். அவரைப் பற்றி இவர்களுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

சுபானி


பான்
3 நவம்பர் 2024

சுபானி,

நீ போன் அடித்தாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ கத்துவாய், இங்கே சுவர் மெல்லியது.

ஒரு வேலை சொன்னேன், ஒரேயொரு வேலை. அதுகூட உன்னால் ஏலாமல் போய்விட்டது. சரி, கேள்.

போன வருடம் என் முதல் விருந்தினர் மாலை. எனக்கு முன் இருந்தவள் சிலியில் ஒரு வருடம் இருந்தவள். அடுத்தவளிடம் சொந்தக் குதிரை. மற்றவளின் தாத்தா ஏதோ பாலம் கட்டினவராம். என் முறை வந்தது. எசன், சட்டப் படிப்பு, நீச்சல் பிடிக்கும் என்றேன். எல்லோரும் சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்தவள் பக்கம் திரும்பினார்கள். அந்தத் தலையாட்டல் உனக்குத் தெரியாது. அறை பார்க்கப்போன வீடுகளில் எல்லாம் எனக்குக் கிடைத்தது அதுதான். நல்லபிள்ளை, வடிவாகக் கதைக்கிறாள், போகலாம்.

அப்போது பழைய அங்கத்தவர்களில் ஒருத்தி, நீதிபதியாக இருந்தவ, பெயர் ஹாகன்ப்ரூக், என் பக்கம் குனிந்து, ஒரு பெண்ணாக உங்கள் குடும்பத்தில் படிக்க வெளிக்கிட்டது கஷ்டமாக இருந்திருக்குமே என்று கேட்டா. முழு மேசையும் திரும்பியது. குதிரைக்காரியும் திரும்பினாள். நான் கொஞ்சம் என்று சொன்னேன். அவ்வளவுதான், கொஞ்சம்.

கலியாணம் பேசினார்களா என்று கேட்டார்கள். லண்டன் மாப்பிள்ளை ஒருவரின் படத்தோடு கோபாலன் அங்கிள் வந்தது உண்மைதானே, எனக்கு அப்போது பதினேழு வயது. அதைச் சொன்னேன். அதற்குமேல் சொல்லவில்லை. மிச்சத்தை அவர்களே கட்டிக்கொண்டார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. அடுத்த கிழமையே அறை கிடைத்தது. முகவரியை எவரிடமும் கொடுக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். ஹாகன்ப்ரூக் அம்மையார் தனக்குத் தெரிந்த வக்கீல் அலுவலகத்தில் எனக்குப் பயிற்சியிடம் பார்த்துத் தந்தா.

உன்னைப் போல இரு, பிடித்தால் எடுப்பார்கள் என்று சொல்வார்கள். நான் நானாக இருந்த இடத்திலெல்லாம் என்னை மறந்துபோனார்கள். ஒரேயொரு தரம் என்னை நினைவு வைத்தார்கள். அதற்காக என்னைத் தூக்கில் போடு.

அடுத்த மாலைக்கு வா. வாயை மட்டும் திறக்காதே. எசனில் ஒருவருக்கும் இந்த முகவரியைக் கொடாதே, அப்பா நான் பழைய மாணவர் விடுதியிலேயே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வேணுஜா


எசன்
20 நவம்பர் 2024

வேணுஜா,

இரண்டாம் மாலைக்கு நான் வரவில்லை. காய்ச்சல் என்று எழுதிப் போட்டேன். நீதான் காட்டித் தந்தாய், பொய் சொல்லுவது அவ்வளவு கஷ்டமில்லை.

கோபாலன் அங்கிள் வந்த கதையை நீ அரைவாசியில் நிறுத்திவிட்டாய். அன்று நானும் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். படத்தை எடுத்து மேசையில் வைத்தார். மாமா அதைப் பார்க்கவே இல்லை. "அவள் பள்ளிக்கூடம் போற பிள்ளை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போ" என்றார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அதோடு போனது. உனக்காகத் தன் ஒரேயொரு கூட்டாளியை விட்ட மனிதரை அவர்களிடம் விற்று அறை வாங்கியிருக்கிறாய். எனக்கும் ஒன்று வாங்கித் தரப் பார்க்கிறாய்.

இதையெல்லாம் நேரில் திட்டுகிறேன், இப்போது ஒரு விஷயம். மாமியின் திவசம் இந்த முறை டிசம்பர் ஏழாம் தேதி, சனிக்கிழமை. ஒரு வருடமும் நீ இல்லாமல் படைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளை போன் எடுக்கிறாள் இல்லை, ஏதும் வருத்தமோ என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் சோதனை நேரம் என்று சொன்னேன். உடனே முகம் தெளிந்துவிட்டது. சோதனையென்றால் குழப்பக்கூடாது, திவசத்துக்கு வருவாள்தானே என்றார். தமிழ்க் கடையில் மரவள்ளிக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.

வந்துவிட்டுப் போ. ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பு, நான் ஒன்றும் பேச மாட்டேன்.

சுபானி


பான்
28 நவம்பர் 2024

சுபா,

அதே சனிக்கிழமைதான் ஆண்டு விழா. அன்றைக்குத்தான் பட்டி. பட்டி வாங்குகிறவள் தான் இந்த வீட்டுக்கு வந்த பாதையைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் நாலு வார்த்தை பேசவேண்டும். ஹாகன்ப்ரூக் அம்மையார் இதற்கென்றே வருகிறா. நான் இல்லையென்றால் அடுத்த வருடம்தான், அதுவரை இந்த அறை இருக்குமோ தெரியாது.

அம்மா கோபிக்க மாட்டா. நான் படித்து முன்னுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டவ. அடுத்த வருடம் கட்டாயம் வருகிறேன்.

அப்பாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளி. உனக்கு அவர் நம்புகிற முகம் இருக்கிறது. நீ என்னை வெறுக்கிறாய் என்று தெரியும், இருந்தாலும் இதை மட்டும் செய்.

வேணு


எசன்
9 டிசம்பர் 2024

வேணுஜா,

நீ மேலே எந்த யன்னலுக்குப் பின்னால் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. நிற்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. கதவடியில் என்ன பேசினார்கள் என்று உனக்கு அங்கிருந்து கேட்டிருக்காது, அதற்காக எழுதுகிறேன்.

முகவரியைக் கொடுத்தது நான்தான். காலையில் படைத்து முடித்ததும் மாமா உன் பங்கை வேறாக அடுக்குப் பாத்திரத்தில் போட்டார். சோறு, மரவள்ளிக் கறி, பயற்றங்காய், வடை, பாயசம். வரமுடியாத பிள்ளைக்குப் பங்கு கொண்டுபோய்க் கையில் கொடுக்கவேண்டும், அதுதான் எங்கள் வழக்கம், உனக்குத் தெரியாததா? உன் பழைய விடுதிக்குப் போக வெளிக்கிட்டார். அங்கே போய் அந்நியர்களிடம் உன் பெயரைக் கேட்டு அலையப்போகிறாரே என்று நினைத்தேன். உண்மையான இடத்தைச் சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன்.

குடியுரிமை வாங்கிய அன்று போட்ட கோட்டைத்தான் போட்டிருந்தார். மணியடித்தார். ஃப்ரீடரிக்க கதவைத் திறந்தாள். அவர் தன் பெயரைச் சொன்னதும் கதவு பாதி மூடிவிட்டது. வேணுஜா உங்களைப் பார்க்க விரும்பவில்லை, போங்கள் என்றாள். மாமா பாத்திரத்தை உயர்த்திக் காட்டி, இது தாயின் நினைவுச் சாப்பாடு, கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன் என்றார். கதவு முழுதாக மூடியது. அவர் படியில் உட்கார்ந்தார். பிள்ளைக்கு வேலை முடியட்டும், காத்திருக்கலாம் என்று என்னிடம் சொன்னார். கொடுக்காமல் திரும்பக்கூடாது என்பது அவருடைய எண்ணம். உள்ளே இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. பிள்ளையைப் பார்க்காமல் அசைய மாட்டேன் என்று வாசலை மறித்திருக்கும் தகப்பன்.

பொலிஸ் வந்தது. ஃப்ரீடரிக்க கதவை மறுபடியும் பாதி திறந்தாள். ஒரு பெண், ஓர் ஆண். அந்தப் பெண் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாள். மகளைப் பலவந்தமாகக் கலியாணம் செய்துவைக்கப் பார்த்தவர் நீங்கள், அவள் உங்களுக்குப் பயந்து இங்கே இருக்கிறாள், இப்போது கூட்டிக்கொண்டு போக வந்தீர்களா என்று கேட்டாள். முப்பது வருடமாக இந்த நாட்டில் வேலை செய்கிற மனிதருக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை. நான் முகத்தைப் பார்த்தேன். முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு வீட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் கொட்டத்தான் போனேன், கோபாலன் அங்கிள், தேத்தண்ணி, எல்லாம். மாமா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "சுபா, கதையாதை" என்றார். அந்தப் பொலிஸ்காரியிடம், சாப்பாட்டை மட்டும் கொடுக்கலாமா என்று கேட்டார். ஃப்ரீடரிக்க உள்ளே இருந்து தலையாட்டி மறுத்தாள். இனி இந்தத் தெருப்பக்கம் வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்து, சரி என்றார்.

ரயிலில் நான் அழுதேன். ஏன் மாமா இல்லையென்று சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் இல்லையெண்டு சொன்னா உள்ளுக்கை நிக்கிற பிள்ளை பொய்க்காரி ஆகிப்போவாள். என்னை ஆர் என்னவும் நினைக்கட்டும். அவளுக்கு அங்கை இடம் வேணும்" என்றார். அதன்பிறகு பாத்திரத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். படைத்ததைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அவளின் பங்கை நீ சாப்பிடு என்றார். கொலோன் தாண்டும்வரை சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

பட்டி வாங்கிவிட்டாயா?

சுபானி


பான்
14 டிசம்பர் 2024

சுபா,

வாங்கிவிட்டேன்.

மாடிப்படியில் நின்றேன். யன்னலடிக்குப் போகவில்லை, படியிலேயே நின்றேன். வெள்ளைச் சட்டையோடு, தலையை வாரிக் கட்டியபடி. இறங்கினால் பன்னிரண்டு படி என்று வைத்துக்கொள். நான் இறங்கவில்லை. பொலிஸ் போனபிறகு எல்லோரும் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். மாலையில் நான் நாலு வார்த்தை பேசத் தேவையே இருக்கவில்லை. எழுந்தேன், அழுதேன், மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. ஹாகன்ப்ரூக் அம்மையார் தன் கையால் பட்டியைப் போட்டுவிட்டா. எதற்காக அழுதேன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நேற்று உனக்கு வாக்குப் போட்டார்கள். இரண்டாம் மாலைக்கு நீ வராவிட்டாலும் பரவாயில்லை என்று ஃப்ரீடரிக்க சொன்னாள். அன்று நீ பேச வாயெடுத்ததையும், அவர் உன் கையைப் பிடித்து நிறுத்தியதையும் அவள் கண்ணாலேயே பார்த்தாளாம். இந்தப் பிள்ளையை அங்கே விட்டுவைக்க ஏலாது என்றாள். எல்லாக் கையும் உயர்ந்தது. தோட்டத்துப் பக்கம் பார்த்த அறை, ஏப்ரல் முதலாம் தேதியிலிருந்து உனக்கு.

என் கையும் உயர்ந்தது, சுபா. அவர் ஏன் பிடித்தார் என்பதை உன் கடிதத்தில் படித்து முடித்திருந்தேன். அப்படியிருந்தும் உயர்த்தினேன்.

நீ வா. வந்து ஏசு, அடி, என்னவும் செய். ஃப்ரீடரிக்க என்னிடம் அன்பாக இருக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டுகிறது. எல்லாம் தெரிந்த ஒருத்தியாவது பக்கத்து அறையில் இருக்கவேண்டும்போல் கிடக்கிறது. அப்பா என்ன சொல்கிறார்? ஒருவரி எழுது.

வேணு


எசன்
19 ஜனவரி 2025

வேணுஜாவுக்கு,

அறை வேண்டாம் என்று ஃப்ரீடரிக்கவுக்கு ஜெர்மனில் எழுதிப் போட்டுவிட்டேன். காரணம் எழுதவில்லை. எழுதத் தொடங்கினேன், மாமா ரயிலில் சொன்னது நினைவுக்கு வந்தது, கிழித்துவிட்டேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக அல்ல, அவர் கேட்டதற்காக. ஏப்ரலில் இருந்து எசனிலிருந்தே ரயிலில் வந்து போவேன். பல்கலைக்கழகத்தில் எதிர்ப்பட்டால் தலையாட்டுவேன், அதற்குமேல் எதிர்பார்க்காதே.

அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டாய். உன்னைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. பட்டி கிடைத்ததாம் என்று சொன்னேன். "அப்ப சரி" என்றார். நல்ல பெரிய ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்களாமோ என்று கேட்டார். வந்திருந்தார்கள் என்றேன்.

ஆனால் வருடப்பிறப்புக்குக் கோயிலில் நடந்ததை நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். திவசத்துக்கும் மகள் வரவில்லை, நத்தார் விடுமுறைக்கும் வரவில்லை, என்ன சங்கதி என்று ஆட்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளை தாய்தகப்பனை மறந்துவிட்டது என்று பாலாம்பிகை அன்ரி பலருக்கு முன்னால் சொன்னா. மாமா அன்னதானத்துக்குச் சோறு போட்டுக்கொண்டு நின்றவர், அகப்பையைக் கீழே வைத்தார். "அவள் வாறன் எண்டுதான் நிண்டவள். படிப்பு முடியுமட்டும் வீட்டுப் படி மிதிக்கக்கூடாதெண்டு நான்தான் சொல்லிப்போட்டன்" என்றார்.

எல்லோரும் ஒருமாதிரிப் பார்த்தார்கள். தாயில்லாப் பிள்ளையைத் தாயின் திவசத்துக்கும் வரவிடாத கல்நெஞ்சன் என்று அன்ரி அவருடைய முகத்துக்கு நேரேயே சொன்னா. அவர் ஓம் என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் அகப்பையை எடுத்தார். இப்போது ஊர்முழுக்க அதுதான் கதை. முன்பு வீட்டுக்கு வந்துபோன ஆட்கள் வருவதில்லை. அம்மாகூட இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை, நான் சொல்லித்தான் அவவுக்கு உண்மை தெரியும்.

ஆகவே நீ இனிப் பயப்படத் தேவையில்லை. உன் ஃப்ரீடரிக்க எசனுக்கு வந்து யாரைப் பிடித்து விசாரித்தாலும், இராசலிங்கம் எப்படிப்பட்ட தகப்பன் என்று நீ சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். நீ சொன்னதை அவர் உண்மையாக்கிவிட்டார்.

சுபானி